சீட்டுக்கு அடியில் எரியும் லைட்டு

முதலில் நான் செய்ததை எல்லாம் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் பின்னால் வரப்போகிற ஒன்றுக்கு நான் ஏன் இத்தனை பிடிவாதம் பிடிக்கிறேன் என்று புரியும்.

கள்ளக்குறிச்சியில் ஒரு தகரக் கொட்டாயில் பேட்டரி சார்ஜ் போட உட்கார்ந்தேன். இன்றைக்கு அதே இடத்தில் மாடி வைத்த கடை நிற்கிறது, என் பெயரில், என் பட்டாவில். வண்டியை ஸ்டார்ட் பண்ணுகிற செல்ஃப் மோட்டாருக்குக் காயில் கட்ட எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. எரிந்துபோன ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்துப் பிரித்து, சுற்று எந்தப் பக்கமாகப் போகிறது என்று பார்த்து, திரும்பச் சுற்றி, ஓடவிட்டேன். கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போகிற டிராக்டர் டிரெய்லர்களுக்குப் பின்பக்கம் சிவப்பு விளக்கு நிற்காது. லோடு இறக்கும்போது ஒயரை அறுத்துவிடும் என்று எல்லாரும் கைவிட்டிருந்தார்கள். நான் இரும்புக் குழாய்க்குள் ஒயரை விட்டு, குழாயைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்தேன். மணலூர்பேட்டை ரோட்டில் என் விளக்கு போட்ட டிரெய்லர்கள் இன்னும் ஓடுகின்றன. மூன்று பெண் பிள்ளைகளை டிகிரி வரைக்கும் படிக்க வைத்தேன். நான் ஐந்தாவது பாதியில் நின்றவன். குத்தகை நிலத்தில் கஞ்சி குடித்த குடும்பத்தில் முதல் மாடி வீடு என்னுடையது, அதற்கு வயரிங்கும் நானே. ஆரம்பத்தில் என் பங்காளிகள், இவன் ஒயரைப் புடிச்சிக்கினே சாவப் போறான் என்றார்கள். அவர்கள் வீட்டு மோட்டாருக்கும் இன்றைக்கு நான்தான் போகிறேன்.

இதில் எதையும் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறார்கள். இப்போது ‘மலை செட்’ என்று அட்டை டப்பாவில் போட்டு விற்கிறார்களே, காருக்குள் சீட்டுக்கு அடியில் எரிகிற எல்.இ.டி. லைட்டு, அது என் வேலை. கல்வராயன் மலைக்குப் போகிற ஷேர் வண்டிகளில் பார்க்கலாம், சின்னசேலம், நைனார்பாளையம் பக்கத்து வண்டிகளிலும் இப்போது வந்துவிட்டது. டப்பாவின் மேல் வேறொரு கடையின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை.

சின்ன மகளிடம் இதைச் சொல்லிப் புலம்பியபோது, எழுதுங்கப்பா என்றாள். யார் பெயரும் போடாமல் எழுதுங்கள், வம்பு வேண்டாம் என்றும் சொன்னாள். சரி. இங்கே யார் பெயரும் வேண்டாம், என் பெயரும் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் அது யாருடைய வேலை என்று.

அந்த டிரைவர் மலைக்காரர். வெள்ளிமலைக்கும் கள்ளக்குறிச்சிக்கும் ஷேர் வண்டி ஓட்டுகிறவர். ஏழு பேர் உட்காருகிற பழைய டீசல் கார். அதில் நிஜமாக எத்தனை பேர் உட்காருகிறார்கள் என்று நான் எழுதினால் அவருக்குத்தான் கஷ்டம், விட்டுவிடுகிறேன். வயதில் என்னைவிட ரொம்பச் சின்னவர். என்னை அண்ணே என்பார், நான் தம்பி என்பேன், கோபம் வந்தால் யோவ் என்பேன். அவர் வண்டியின் டைனமோவை நான் சரி பண்ணிக் கொடுத்ததிலிருந்து பழக்கம்.

ஒரு நாள் மத்தியானம் வண்டியைக் கடை முன்னால் நிறுத்திவிட்டு இறங்காமலே உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன். சாயங்காலக் கடைசி டிரிப்புக்கு ஆள் ஏறுவதில்லை என்றார். மற்ற வண்டிக்காரர்கள் உள்ளே கலர் கலராக லைட்டு போட்டுவிட்டார்கள். சந்தைக்கு வந்து திரும்புகிற ஜனம், அதிலும் கைக்குழந்தை வைத்திருக்கிற பெண்கள், வெளிச்சம் இருக்கிற வண்டியாகப் பார்த்து ஏறிக்கொள்கிறார்கள். இவர் வண்டியில் இருப்பது நடுவில் ஒரே ஒரு டோம் லைட்டு, அதுவும் மஞ்சள் பூத்துப்போனது.

“என் வண்டி குகை மாதிரி கீதாம்ணே. மூஞ்சிக்கு நேரா சொல்றாங்க.”

கடைசி டிரிப் கைவிட்டுப் போனால் மலைக்காரருக்கு அந்த நாளே போன மாதிரி. காலையில் இறங்குகிற ஜனம் சாயங்காலம் யார் வண்டியில் ஏறுகிறதோ, மறுநாள் காலையிலும் அதே வண்டிக்குத்தான் காத்திருக்கும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எப்படி வேண்டும் என்று கேட்டேன். மேலே, கூரையின் ரெண்டு பக்கமும், நீளத்துக்கு, வெள்ளை லைட்டு, கல்யாண மண்டபம் மாதிரி இருக்கணும் என்றார். அவர் கேட்டதைத்தான் போட்டேன். இதை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

போட்ட விதத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊரில் போடுகிற விதம் வேறு. எல்.இ.டி. பட்டைக்குப் பின்னால் கம் இருக்கும். காகிதத்தை உரித்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். எங்கள் ஊர் சித்திரை வெயிலில் மூடிய கார் ஒன்றை ஒரு மத்தியானம் நிறுத்திப் பாருங்கள். கம் இளகி, பட்டை தொங்கி, பின் சீட்டில் இருக்கிறவர் தலையில் விழும். ஒரு கல்யாண வண்டியில் பெண்ணின் பூச்சரத்தில் விழுந்து சிக்கி, பூவோடு சேர்த்து எடுத்தார்கள். அது என் வேலை இல்லை, வேறு கடை. நான் கம்மை நம்புவதில்லை. சீட் கவர் தைக்கிறவரிடம் வளைந்த ஊசி வாங்கி வைத்திருக்கிறேன். மீன் தூண்டில் நரம்பை அதில் கோத்து, கூரைத் துணியின் ஓரத்தோடு பட்டையைத் தைத்துவிடுவேன். கார் போனாலும் லைட்டு போகாது. ஒயரைத் தூணுக்குள் இழுக்க சைக்கிள் பிரேக் கம்பி. கம்பெனி ஒயரை வெட்டுகிற வழக்கம் என்னிடம் கிடையாது; ஃப்யூஸ் பெட்டியிலிருந்து தனி லைன், தனி ஃப்யூஸ். என்ஜின் ஓடும்போது பேட்டரி வோல்ட் பன்னிரண்டு என்று நிற்காது, பதினாலைத் தாண்டும், அதைத் தாங்காமல்தான் பாதிப் பேர் போட்ட லைட்டு சீக்கிரம் கண்ணைச் சிமிட்ட ஆரம்பிக்கும். அதற்கும் நடுவில் ஒரு ரெகுலேட்டர் வைத்தேன். டிரைவர் கைக்குப் பக்கத்தில் சுவிட்ச்.

போட்டுக் காட்டினேன். கடை ஷட்டரை இறக்கி இருட்டாக்கிப் பார்த்தோம். உள்ளே ஊசி விழுந்தால் எடுக்கலாம், அப்படி வெளிச்சம். தம்பிக்கு முகமே மாறிவிட்டது. அன்று சாயங்காலம் அவர் வண்டி நிரம்பிப் போனதைக் கடை வாசலிலிருந்து நானே பார்த்தேன்.

ரெண்டு மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தார்.

“அண்ணே, லைட்டு சூப்பரா கீது. ரோடுதான் தெரியல.”

கண்ணாடியைத் துடை என்றேன். துடைத்துவிட்டேன் என்றார். கண்ணைக் காட்டு என்றேன். கண் நல்லா இருக்குது என்றார். ஹெட்லைட்டைத் தட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. பிறகு அவர் சொன்னது இதுதான்: மலையடியில் இருக்கிற கச்சிராயபாளையம் வரைக்கும் ஒன்றும் இல்லை. வளைவு ஆரம்பித்ததும் முன் கண்ணாடி முழுக்க வெள்ளையாக இருக்கிறது. அதனால் வளைவுக்கு வளைவு லைட்டை அணைக்கிறார். அணைத்தால் உள்ளே இருக்கிறவர்கள் கத்துகிறார்கள். போட்டால் இவருக்குப் பாதை இல்லை. முந்தின நாள் தலையைப் பக்கத்துக் கண்ணாடி வழியாக வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டியிருக்கிறார்.

நான் நம்பவில்லை. நான் போட்ட வேலையில் குறை என்று ஒருத்தர் சொன்னால் எனக்குச் சட்டென்று இறங்காது, அது என் சுபாவம். நீங்களே ஒரு டிரிப் வாங்க என்றார். போனேன்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் தரையில் இருக்கிறவர்கள். கார் வேலை முடிந்தால் சின்னசேலம் ரோட்டில் ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்துவிட்டு, சரி என்று சாவியைக் கொடுத்துவிடுவோம். ரோட்டின் ரெண்டு பக்கமும் டீக்கடை, பங்க், டியூப்லைட்டு. அந்த வெளிச்சத்தில் எந்தக் குறையும் தெரியாது. எங்கள் கடைகளில் எல்லாரும் அப்படித்தான். மலை வண்டிக்கு மலையில்தான் பார்க்க வேண்டும் என்று அதுவரைக்கும் எந்தக் கடைக்காரனும் யோசித்ததில்லை. முதலில் போனவன் நான்.

முன் சீட்டில் டிரைவர் பக்கத்தில் என்னை உட்கார வைத்தார். என் மடியில் யாருடைய மூட்டையோ. ஜனம் ஏற ஏற ஒன்றைப் பார்த்தேன். ஏறுகிற ஒவ்வொருவரும் செருப்பைக் காலிலிருந்து உதறி உள்ளே தள்ளிவிட்டு, வெறுங்காலோடு உட்கார்ந்தார்கள். கேட்டதற்கு, அது சாமி வண்டிண்ணே என்றார் டிரைவர். அவர்கள் குல சாமியின் கோயிலில் வருஷத்துக்கு ஒரு தடவை பூசை போட்டு, ஒரு மஞ்சள் துணி முடிச்சை ஸ்டியரிங்குக்குக் கீழே கட்டியிருக்கிறார்கள். முடிச்சு இருக்கிற வண்டியில் செருப்புக் காலோடு உட்கார மாட்டார்கள். அந்தப் பக்கத்து ஊர் வண்டிகள் எல்லாவற்றிலும் அப்படித்தானாம். இத்தனை காலம் அந்த வண்டிக்கு நான் வேலை பார்த்திருக்கிறேன், முடிச்சைப் பார்த்திருக்கிறேன், இது தெரியாது. கடைக்கு வரும்போது வண்டி காலியாகத்தானே வரும்.

எனக்குப் பின் சீட்டில் ஒரு அம்மா. என் வயது இருக்கும், ஒன்றிரண்டு கம்மியாகவும் இருக்கலாம். காலையில் புளியும் கடுக்காயும் கொண்டு வந்து போட்டுவிட்டு, பிளாஸ்டிக் குடம், மண்ணெண்ணெய் வாசம் அடிக்கிற ஒரு பை, பேரப்பிள்ளைக்குப் பால் புட்டி என்று வாங்கிக்கொண்டு போகிறவர். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். யார் வீட்டில் கிடாய் காணாமல் போனது, யார் கேரளாவிலிருந்து வந்து யாருக்கு ஃபோன் வாங்கிக் கொடுத்தான் என்று எல்லாம் எனக்கும் தெரிந்துபோனது.

பொழுது சாய்ந்து, வளைவு ஆரம்பித்தது. முன் கண்ணாடியில் ரோடு இருக்க வேண்டிய இடத்தில் நான் இருந்தேன். என் முகம், என் வழுக்கை, பின்னால் அந்த அம்மாவின் மூக்குத்தி, அதற்கும் பின்னால் தூங்குகிற ஒரு குழந்தை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. பள்ளத்தின் ஓரத்துக் கல் தெரியவில்லை. டிரைவர் சுவிட்சைத் தட்டினார். முகங்கள் போய் ரோடு வந்தது. உடனே பின்னாலிருந்து சத்தம்: லைட்ட போடுய்யா, புள்ள அழுவுது. போட்டார். மறுபடியும் நான்.

மேலிருந்து இறங்குகிற பால் வண்டிக்கு ஒதுங்கியபோது, என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டி, ஓரத்துக் கல்லை நானே பார்த்துச் சொன்னேன்.

மேலே முதல் ஊரில் வண்டி நின்றது. நாலைந்து பேர் இறங்க வேண்டும். இறங்கவில்லை. எல்லாரும் குனிந்து செருப்பைத் தேடினார்கள். வெளிச்சம் மேலே ஜோராக எரிகிறது. ஆனால் அது தலையில் விழுகிறது, மூட்டையில் விழுகிறது, மடியில் இருக்கிற பிள்ளை மேல் விழுகிறது. அத்தனையும் தாண்டித் தரைக்குப் போகவில்லை. காலடியில் அதே பழைய குகை. ஒருத்தர் செருப்பை இன்னொருத்தர் மாட்டிக்கொண்டு இறங்கி, அது சின்னதாக இருக்கிறது என்று திரும்பி வந்து, எடுத்தது நீ, கழட்டுனது நான் என்று வாய்ச் சண்டை. ஃபோன் டார்ச்சை ஒருவன் வாயில் கவ்விக்கொண்டு சீட்டுக்கு அடியில் தவழ்ந்தான். வண்டி நின்றபடியே நின்றது.

பின் சீட்டு அம்மாவுக்கு ஒரு கால் செருப்பு கிடைத்துவிட்டது, மறு கால் கிடைக்கவில்லை. நிமிர்ந்து கூரையைப் பார்த்தார்.

“இந்த லைட்ட போட்டவன் வூட்ல, செருப்பத் தலையிலயா கழட்டி வெப்பாங்க?”

வண்டியே சிரித்தது. டிரைவர் என்னைப் பார்க்காமல் வெளியே பார்த்தார், தோள் மட்டும் குலுங்கியது. நான் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் என் வேலையை என் வேலை என்று சொல்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை.

“நான்தாம்மா போட்டேன்” என்றேன்.

அந்த அம்மா ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. “அப்ப மேஸ்திரியே குனிஞ்சு எடுத்துக் குடுங்க. தலைக்கு வெளிச்சம் போட்டு இன்னாத்த பண்றது, காலுக்குல்ல வேணும்.”

இறங்கிப் போய்ப் பின்கதவு வழியாகக் குனிந்தேன். கையை விட்டுத் துழாவினேன். ஈரம், மண், யாரோ தின்ற பலாக்கொட்டை, அப்புறம் அந்தச் செருப்பு. எடுத்துக் கொடுத்தேன். மாட்டிக்கொண்டு, குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

டிரைவர், கோச்சிக்காதீங்கண்ணே, அது எனக்கு அத்தை முறை, எல்லாரையும் அப்படித்தான் என்றார். நான் கோபித்துக்கொள்ளவில்லை. சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக் கிடந்தபோதே என் மனசில் அடுத்த வேலை ஓட ஆரம்பித்துவிட்டது. குனிந்தபடி மேலே பார்த்தால் சீட்டின் கீழ் விளிம்பு, இரும்புச் சட்டம், அதற்குப் பின்னால் நாலு விரல் இடம். அங்கே ஒரு பட்டையை வைத்தால் வெளிச்சம் தரையைத் தவிர வேறெங்கும் போக வழி இல்லை. கண்ணாடிக்கும் போகாது. செருப்பும் தெரியும். ரெண்டு வியாதிக்கும் ஒரே மருந்து.

அன்று டிரைவர் வீட்டிலேயே தங்கினேன். அவர் மனைவி சாமைச் சோறு போட்டார். டிரைவர் சாப்பிடவில்லை. லைட்டு எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள், குகை என்றால் குகையாகவே ஓட்டிக்கொள்கிறேன் என்றார். அந்தச் சுவிட்ச் இருந்தால் நாளைக்கு மறுபடியும் போடத்தான் தோன்றும் என்றார் அவர் மனைவி. கழற்றுவேன், ஆனால் இருட்டில் விட மாட்டேன் என்றேன். முதல் டிரிப்பில் கீழே இறங்கினோம்.

மேல் பட்டையைப் பிரித்தேன். கூரைத் துணியில் தையல் ஓட்டைகள் தெரிந்தன, ஓரத்தில் பீடிங் என்கிற ரப்பர் விளிம்பை வைத்து மறைத்தேன். கீழே வேலை நினைத்த மாதிரி சுலபமாக இல்லை. முதலில் வெறும் பட்டையைச் சட்டத்தில் கட்டிப் பார்த்தேன். வெளிச்சம் தரையில் விழுந்து, பளபளக்கிற ரெக்ஸின் தரைவிரிப்பில் பட்டு, கொஞ்சம் மேலே ஏறியது. முன் கண்ணாடியில் லேசாக ஒரு கோடு. அது போதும் ஒரு வளைவைத் தப்ப விட. அதனால் அலுமினியத் தகடு வாங்கினேன், பட்டை வைக்கவென்றே கடையில் விற்கிற சேனல் இல்லை, வெறும் தகடு. அதை நீளவாக்கில் மடக்கினேன். முன்பக்கம் ஒரு உதடு மாதிரி கீழே இறங்கும், அதற்குள் பட்டை. உதடு எவ்வளவு இறங்க வேண்டும் என்பதுதான் வித்தை. ஜாஸ்தி இறங்கினால் வெளிச்சம் சீட்டுக்கு அடியிலேயே நின்றுவிடும், கால் வைக்கிற இடத்துக்கு வராது. கம்மியாக இறங்கினால் மேலே ஏறும். மடக்கி, நிமிர்த்தி, வெட்டி, மறுபடியும் மடக்கி, வெள்ளை லைட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மஞ்சள் பட்டை வைத்து ஒரு வழியாகச் சரியாக்கினேன். அதுவரை ஆன தகட்டுக் குப்பை ஒரு சாக்கு இருக்கும்.

சீட்டு முன்னும் பின்னும் நகர்கிற தண்டவாளத்தில் ஒயர் மாட்டி அறுபடும். அதற்கு ஒயரைச் சுருளாக விட்டுக் கட்டினேன், டெலிஃபோன் ஒயர் மாதிரி. மழைக்காலத்துச் சேறும் குழந்தைகள் கொட்டுகிற பாலும் பட்டைக்குள் போகாமலிருக்க சிலிக்கான் பூசினேன். கதவு திறந்தால் தானாக எரியும், மூடினால் மங்கலாகி நிற்கும், முழுதாக அணைக்க டிரைவரிடம் சுவிட்ச். மலை ஊர்களில் இறங்க நேரம் ஆகும், கதவு திறந்தே கிடக்கும், பேட்டரி இறங்கக் கூடாது. அதற்கும் கணக்கு பார்த்துத்தான் வைத்தேன்.

இந்தத் தடவை சின்னசேலம் ரோட்டில் ஓட்டிப் பார்க்கவில்லை. நேராகச் சாயங்கால டிரிப்பில் ஏறினேன். வளைவில் முன் கண்ணாடியில் ரோடு இருந்தது, ரோட்டின் ஓரத்துக் கல் இருந்தது, நான் இல்லை. டிரைவர் சுவிட்சைத் தொடவே இல்லை. பின்னால் அதே அம்மா. பேசிக்கொண்டே வந்தார், லைட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஊர் வந்ததும் கீழே பார்த்தார், ரெண்டு செருப்பையும் காலாலேயே நகர்த்தி மாட்டினார், இறங்கிப் போனார். குனியவில்லை. அதற்கு மேல் எனக்கு யாரும் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு ஸ்டாண்டில் இருந்த வண்டிகள் ஒவ்வொன்றாக என் கடைக்கு வந்தன. கலர் லைட்டு போட்டவர்களும் கழற்றிக்கொண்டு வந்தார்கள். அவர்களும் வளைவில் அணைத்து அணைத்துத்தான் ஓட்டியிருக்கிறார்கள், வெட்கப்பட்டு வெளியே சொல்லவில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் சீட்டு அளவு வேறு, உதட்டை நானே கையால் மடக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் மெயின் ரோட்டில் கார் டெக்கரேஷன் கடை வைத்திருக்கிற பையன் என் கடைக்கு வர ஆரம்பித்தான். பையன் என்றால் முப்பது தாண்டினவன்தான், எனக்குப் பையன். எலவனாசூர்கோட்டைப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம், அப்பா சம்பள உத்தியோகத்தில் இருந்தவர், மரியாதையான பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை கடை திறக்க மாட்டான். வந்தால் டீ வாங்கிக் கொடுப்பான், ஸ்டூலில் உட்கார்ந்து நான் தகடு மடக்குவதைப் பார்ப்பான், ஃபோனில் படம் எடுப்பான். இன்னாடா என்றால், கத்துக்கிறேங்கய்யா என்பான். எனக்கும் சந்தோஷம்தான். எதையும் மறைத்து வேலை செய்கிறவன் இல்லை நான்.

சில மாதம் கழித்து டப்பா வந்தது. மெஷினில் மடக்கிய தகடு, என் உதடு அப்படியே. சோல்டரிங் வேண்டாம், சொருகுகிற பின். யார் வேண்டுமானாலும் ஸ்க்ரூ டிரைவர் வைத்து அரை மணியில் மாட்டிக்கொள்ளலாம். டப்பா மேல் மலை வளைவு ஒன்றின் படம், ‘மலை செட்’ என்று கொட்டை எழுத்து, கீழே அவன் கடைப் பெயர். ஃபோனில் ஒரு வீடியோவும் சுற்றியது, அதில் என் டிரைவர் தம்பி, சிரித்துக்கொண்டு, செருப்பைக் காட்டிக்கொண்டு.

நேராக அவன் கடைக்குப் போனேன். ஐயா வாங்க, உக்காருங்க என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். நான் உட்காரவில்லை. டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தேன். என் பேர் எங்கே என்று கேட்டேன்.

அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. சீட்டுக்கு அடியில் லைட்டு பெரிய பெரிய கார்களில் கம்பெனியிலேயே வருகிறது, பட்டை சைனாவிலிருந்து வருகிறது, இதில் யார் பேரை என்று போடுவது என்றான்.

“கம்பெனி கார்ல அது அழகுக்கு எரியுது. அதுல யாரு செருப்பு தேடுறான்? அதே மாதிரி எடுத்து மலை வண்டில வெச்சிருந்தீனா முன் கண்ணாடி பல்ல இளிச்சிருக்கும். அந்த உதட்ட மடக்குனது யாரு, சொல்லு.”

டப்பாவைத் திறந்து தகட்டை வெளியே எடுத்தான். “மடக்குனது நீங்கதான் ஐயா.”

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் போனேன். நானும் நியாயமாகவே பேசினேன். சொருகுகிற பின் அவன் மூளை, நான் ஒத்துக்கொள்கிறேன். அது வந்த பிறகுதான் என் கடைக்கு வர முடியாத வண்டிகளுக்கும் லைட்டு போனது. அதை நான் குறைத்துப் பேசவில்லை. உடனே அவன், உங்கள் கடைக்கு டப்பாவை அடக்க விலைக்கே தருகிறேன் என்றான். அதற்கு வரவில்லை என்றேன். அச்சு ஆகிவிட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்றான். எங்கள் ஊரில் பார்க்கலாம் என்று ஒருத்தர் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும்.

அங்கிருந்து ஸ்டாண்டுக்குப் போனேன். டிரைவர் தம்பியைப் பிடித்துக் கேட்டேன், வீடியோவில் என்னைப் பற்றி ஏன் ஒரு வார்த்தை இல்லை என்று. சொன்னேண்ணே, வெட்டிட்டாங்க என்றார். பாவம், ரெண்டு பக்கமும் வேண்டியவர். அந்தக் கடையில் அவருக்குச் சும்மா சீட் கவர் போட்டுக் கொடுத்திருந்தார்கள். சரி, வீடியோவில் வேண்டாம், இங்கே எல்லார் முன்னாலும் சொல்லு என்றேன். டீக்கடையில் இருந்த டிரைவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். என்னை வுடுங்கண்ணே, நீங்க ரெண்டு பேரும் பெரிய மனுஷங்க என்று நெளிந்தார். நான் நகரவில்லை. கடைசியில் டம்ளரைக் கீழே வைத்தார்.

“தகட்ட மடக்குனது அண்ணந்தான். நான் சாட்சி. ஆனா திட்டுனது எங்க அத்த.”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. காலுக்குத்தான் வெளிச்சம் வேண்டும் என்று அந்த அம்மா சொல்லாமல் இருந்திருந்தால், நான் கூரையிலேயே வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேன். என் பங்குக்காகச் சண்டை போடுகிறவன் இன்னொருத்தர் பங்கை அமுக்கினால், அந்தப் பையனுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

டிரைவரிடம் சொல்லி அனுப்பி அந்த அம்மாவைக் கேட்டேன், டப்பாவில் உங்கள் பெயரைப் போடச் சொல்கிறேன், சம்மதமா என்று. பதில் வந்தது. அவர் பெயர் வேண்டாமாம். ஊர்ப் பெயரைப் போடச் சொல்லு, எங்க ஊருக்கு ரோட்டுல ஒரு போர்டுகூட இல்ல என்றாராம்.

ஆகவே என் கோரிக்கை இது. அந்தப் பையன் இதைப் படிப்பான், படிக்கட்டும். பழைய டப்பாவை நான் கேட்கவில்லை, அது விற்றுத் தீரட்டும். அடுத்த டப்பா அச்சுக்குப் போகும்போது அதில் மூன்று வரி இருக்க வேண்டும். முதல் வரி, யோசனை சொன்ன அம்மாவின் ஊர்ப் பெயர். ரெண்டாவது வரி, தகட்டை மடக்கி, மலையில் ஏற்றிப் பார்த்து, எரிய வைத்த என் பெயர், என் கடைப் பெயரோடு. மூன்றாவது வரி, பின் வைத்துப் பெட்டி கட்டியவன் பெயர், அது அவனே போட்டுக்கொள்ளட்டும். ஓரத்தில் பொடி எழுத்தில் போட்டுவிட்டு, போட்டாச்சு ஐயா என்று வந்து நின்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அவன் கடைப் பெயர் எந்த அளவில் இருக்கிறதோ, மேலே இருக்கிற ரெண்டு வரியும் அதே அளவில் இருக்க வேண்டும்.